டிராமேடர் இறக்கைக் காதுச் சோதனை: எந்த வேலைக்குக் காசு கொடுக்கலாம்

மருந்து தெளிக்கும் சிறு விமானங்களின் இறக்கையில் உலோகச் சோர்வால் (திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்வதால் வரும் பலவீனத்தால்) விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கட்டாயமானது. அதைச் செய்துதரும் பட்டறைகளும் பல. அந்தச் சேவையின் தரம் இரண்டு இடங்களில் தெரிந்துவிடும்: இறக்கையை எதுவரை பிரிக்கிறார்கள், விமானப் போக்குவரத்து அதிகாரத்தின் பாதுகாப்பு உத்தரவில் எழுதியிருக்கும் சோதனை முறையையே கையாள்கிறார்களா. கருவி எவ்வளவு புதியது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று விமானக் குடும்பங்களின் சோதனைகள்: போலந்தின் எம்-18 டிராமேடர், அமெரிக்காவின் திரஷ், ஏர் டிராக்டர். டிராமேடருக்கே அதிக இடம். தவறான சோதனை எங்கே கொண்டுபோய்விடும் என்பது அதில்தான் தெளிவாக எழுத்தில் இருக்கிறது.

முதலில், இந்த விமானங்களின் இறக்கை ஏன் இவ்வளவு சீக்கிரம் களைக்கிறது? வயலின் நீளம் 1 கிலோமீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஒரு ஓட்டம் 17 நொடியில் முடியும். பிறகு விமானம் மூக்கைத் தூக்கி, சாய்ந்து திரும்பி, அடுத்த வரிசையைப் பிடிக்க 40 நொடி. ஆக நிமிடத்துக்கு ஒரு திருப்பம், ஒவ்வொன்றிலும் இறக்கை வளைந்து நிமிர்கிறது. தொட்டி காலியானதும் தரையிறங்கி, நிரப்பிக்கொண்டு மறுபடி முழு எடையோடு கிளம்ப வேண்டும். பயணிகள் விமானத்தின் ஒரு மணி நேரமும் இதன் ஒரு மணி நேரமும் பதிவேட்டில் ஒன்றுபோலத் தெரியலாம். உலோகத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. இதோடு யூரியாவும் சல்பேட்டும் கலந்த தூசி, தினமும் கழுவும் தண்ணீர், இரவில் மூட்டுக்குள் தங்கும் ஈரம். சோர்வும் அரிப்பும் ஒரே இடத்தில் சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று வேகப்படுத்தும்.

டிராமேடர் 1976 ஆகஸ்டில் முதலில் பறந்தது. போலிஷ் மொழியில் பெயரின் பொருள் ஒற்றைத் திமில் ஒட்டகம். 2,500 லிட்டர் தொட்டியைச் சுமக்கும் விமானத்துக்குப் பொருத்தமான பெயர். இறக்கை மூன்று துண்டு: உடலோடு சேர்ந்த நடு இறக்கை, இருபுறமும் வெளி இறக்கைகள். வெளி இறக்கையை நடு இறக்கையோடு பிணைப்பவை துளையிட்ட உலோகக் காதுகள். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் மேல் காது அழுத்தத்திலும் கீழ்க் காது இழுவிசையிலும் இருக்கும். விரிசலைத் திறந்து வளர்ப்பது இழுவிசை. அதனால் கவலை முழுவதும் கீழ்க் காதின் துளையைச் சுற்றித்தான். தட்டையான தகட்டில் ஒரு துளை போட்டாலே அதன் விளிம்பில் தகைவு (உலோகம் தாங்கும் விசையின் செறிவு) சராசரியைப்போல மூன்று மடங்காகிவிடும். அந்த விளிம்பில் ஒரு துருக்குழியும் இருந்தால், மூன்று மடங்கின் மேல் இன்னொரு பெருக்கம். குழியின் ஆழம் மில்லிமீட்டரில் சிறு பின்னமாக இருந்தாலே போதும்.

2013 அக்டோபர் 24 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், உல்லடுல்லாவுக்கு மேற்கே 37 கிலோமீட்டர் தொலைவில், காட்டுத்தீயை அணைக்கப் பறந்த ஒரு எம்-18ஏ விமானத்தின் இடது இறக்கை வானிலேயே கழன்றது. தனியாக ஓட்டிச்சென்ற விமானி இறந்தார். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகத்தின் விசாரணை, இடது வெளி இறக்கையின் கீழ்க் காதில் சோர்வு விரிசல் வளர்ந்திருந்ததைக் கண்டது. விரிசல் பிறந்த இடம் சிறு துருக்குழிகள். அந்தக் குழிகளை முழுவதும் அகற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறது. முந்தைய பராமரிப்பில் அவை முழுமையாக அகற்றப்படவில்லை. அப்போது நடந்த சோதனை எடி கரண்ட் எனப்படும் சுழல் மின்னோட்ட முறை. அந்த மூட்டுக்கு அனுமதிக்கப்பட்ட முறை அது இல்லை. அந்த விரிசலைக் கண்டுபிடிக்கும் திறன் அதற்கு இருந்திருக்காமலும் போகலாம் என்று அறிக்கை சொல்கிறது.

விமானம் சோதனை செய்யப்பட்டிருந்தது, பதிவேட்டில் கையெழுத்தும் இருந்தது என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. இந்தச் சேவையை வாங்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரியான வேலை எப்படி இருக்கும்? வெளி இறக்கையைத் தாங்கிகளில் ஏற்றி எடையை எடுத்த பிறகே மூட்டுப் பிணைப்புகளைக் கழற்ற வேண்டும். எடை தொங்கும்போது காதுத் துளையில் செருகியிருக்கும் பின்னைத் தட்டி எடுத்தால் துளையின் உட்சுவரில் நீளக் கீறல் விழும். அடுத்த நாள் அதுவே விரிசல்போலத் தெரியும், அல்லது உண்மையான விரிசலை மறைக்கும். இறக்கை கழன்று வந்த பின் காதைக் கிரீஸ், பெயின்ட், பூச்சு எதுவும் மிஞ்சாமல் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே மணல் பீய்ச்சும் பட்டறையை உடனே நிறுத்துங்கள். மணல் அடிக்கும்போது மேற்பரப்பு உலோகம் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும். வாய் மூடிய விரிசலைக் காந்தத்தூளாலும் (காந்தமேற்றிய எஃகில் தூளை ஒட்டவைத்து விரிசலைக் காட்டும் முறை) எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கரைப்பான், மென்மையான பெயின்ட் நீக்கி, கடைசியில் கைத்தேய்ப்பு. அவ்வளவே போதும்.

அடுத்து குழிகளை எடுப்பது. வேலையில் அதிகம் ஏமாற்றப்படும் கட்டம் இதுதான், பெரும்பாலும் வேண்டுமென்றே அல்ல. பளபளப்பாகத் தேய்த்துவிட்டால் குழி போய்விட்டது என்று கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் குழியின் விளிம்பு மழுங்கியிருக்கும், அடி அப்படியே இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் கரும்புள்ளி தெரியும். அடியில் பளிச்சென்ற சுத்த உலோகம் வரும்வரை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு துளையின் விட்டத்தையும் காதின் கனத்தையும் அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லை தாண்டினால் அந்தக் காது இனி உதவாது. பட்டறையிடம் தேய்ப்புக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் எழுத்தில் கேளுங்கள். அந்த இரண்டு எண்களைத் தராதவர் அளக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது காந்தத்தூள் சோதனை. எஃகுக் காதின் துளைக்குள் ஒரு செம்புத் தண்டைச் செருகி மின்சாரம் செலுத்தினால், தண்டைச் சுற்றி வட்டமாகக் காந்தப்புலம் எழும். துளையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல வெளியே ஓடும் விரிசல் அந்தப் புலத்துக்குக் குறுக்கே நிற்கும். புலம் அங்கே வெளியே கசியும், தூள் வந்து ஒட்டும். எந்தத் திசையில் விரிசல் வரும் என்று தெரிந்த இடத்துக்கு இதைவிட நேரடியான முறை இல்லை. மின்னோட்டத்துக்குப் பொதுவான தொடக்கக் கணக்கு, பொருளின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 12 முதல் 32 ஆம்பியர். கணக்கை நம்பி நிற்காமல் காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரை மேற்பரப்பில் வைத்து 30 முதல் 60 காஸ் வருகிறதா என்று பார்ப்பவரே நல்ல தொழிலாளர். பிறகு நுகத்தை (இரண்டு கால் கொண்ட மின்காந்தத்தை) வைத்து குறுக்குத் திசையிலும் ஒருமுறை காந்தமேற்ற வேண்டும், எதிர்பாராத திசை விரிசலுக்காக. மாறுதிசை மின்னோட்ட நுகம் 4.5 கிலோ எஃகுக் கட்டியைத் தூக்க வேண்டும். தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

ஒளிரும் தூள் கலந்த திரவமே இதற்கு ஏற்றது. 100 மில்லி திரவத்தைக் கூம்புக் குழாயில் படியவிட்டால் 0.1 முதல் 0.4 மில்லி தூள் அடியில் நிற்க வேண்டும். குறைந்தால் சிறு விரிசல் ஒளிராது. கூடினால் பரப்பு முழுவதும் பச்சையாகப் பூசிக்கொள்ளும். புறஊதா விளக்கு பொருளின் மேல் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1,000 மைக்ரோவாட் தர வேண்டும். சுற்றுவெளிச்சம் 20 லக்ஸைத் தாண்டக்கூடாது. வயல்வெளி ஹேங்கரில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இது நடக்காது. கறுப்புத் துணிக் கூடாரம் கட்டினாரா என்பதே போதுமான அடையாளம். வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதும் கூடாது. புறஊதா ஒளியில் அதுவும் கறுத்துவிடும், பார்ப்பவருக்கே தெரியாமல்.

சோதனை முடிந்ததும் காந்தத்தை இறக்க வேண்டும். மிச்சம் 3 காஸுக்குள் இருந்தால் சரி. இறக்காமல் விட்டால் இரும்புத்துகள் மூட்டில் சேரும், அரிப்புக்கு ஒரு வாசல் திறக்கும். பிறகு தூளைக் கழுவி, உலர்த்தி, அன்றைக்கே துரு தடுக்கும் பூச்சு. சுத்தமான எஃகு ஈரக்காற்றில் ஒரு இரவு கிடந்தாலே புதிய துரு தொடங்கிவிடும்.

காதுக்கு எடி கரண்ட் ஏன் சரிப்படுவதில்லை? சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். விரிசல் குறுக்கிட்டால் அவை சுற்றிப்போகும், சுருளின் மின்தடுப்பு மாறும், திரையில் புள்ளி நகரும். அலுமினியக் கலவையில் 200 கிலோஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவும். எஃகில் காந்த உட்புகுதிறன் அதிகம் என்பதால் அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. அதோடு எஃகின் உட்புகுதிறன் இடத்துக்கு இடம் மாறும், அந்த மாற்றமும் திரையில் அசைவாகத் தெரியும். குழி விழுந்த பரப்பில் ஒவ்வொரு குழியும் ஒரு துடிப்பு. துடிப்புகள் நிறைந்தால் பார்ப்பவர் எச்சரிக்கை எல்லையை உயர்த்துவார். உயர்த்திய எல்லைக்குக் கீழே, குழியின் அடியில் பிறந்த விரிசல் சத்தமில்லாமல் கடந்துபோகும். வேகமும் மலிவும் இந்த முறையை நோக்கி இழுப்பது புரிகிறது. ஆனால் உத்தரவு ஒரு முறையைச் சொன்னால், வேறு முறை பட்டறையின் விருப்பத்தால் சமமாகிவிடாது. விமானப் போக்குவரத்து அதிகாரத்திடம் மாற்றுமுறைக்கு எழுத்துபூர்வ ஒப்புதல் இருந்தால் மட்டுமே அது சோதனை. இல்லையென்றால் அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள்.

அதே எடி கரண்ட், ஏர் டிராக்டரில் முழு மதிப்பெண் வாங்கும். டெக்சாஸ் மாநிலம் ஓல்னியில் லீலண்ட் ஸ்னோ தொடங்கிய நிறுவனத்தின் இந்த விமானங்களில் கவனிக்க வேண்டிய இடம், முதன்மை ஸ்பாரின் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் உத்தரத்தின்) கீழ்ப்பட்டை நடுவில் இணையும் மூட்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் உத்தரவுகள், அந்த மூட்டின் இருபுறமும் கடைசியாக இருக்கும் இரண்டு போல்ட் துளைகளை எடி கரண்ட்டால் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கின்றன. அலுமினியம், வட்டமான துளை, தெரிந்த இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் துளைக்குள் விட்டுச் சுழற்றும் புரோப்பைவிட (சுருள் பொருத்திய உணர்கோலைவிட) கூர்மையான கண் கிடையாது.

செய்முறையில் பொறுமை வேண்டும். இறக்கையின் எடையைத் தாங்கியில் எடுத்துக்கொண்டு, போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, பார்த்து, அதை மாட்டிய பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் துளைகள் நேர்க்கோட்டிலிருந்து நழுவும். பிறகு போல்ட்டை அடித்து ஏற்ற வேண்டிவரும், அந்த அடியே அடுத்த விரிசலின் விதை. புரோப் துளையில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். ஆட்டம் இருந்தால் சுருளுக்கும் சுவருக்கும் இடைவெளி மாறி, குறிப்பு மங்கும். கருவியைச் சரிபார்க்கும் அளவுக்கட்டை அதே உலோகக் கலவையில், அதே விட்டத்தில், மின்பொறியால் வெட்டிய நுண்பள்ளத்தோடு இருக்க வேண்டும். துளை தொடங்கும்போதும் முடியும்போதும் அதில் சரிபார்க்க வேண்டும். இரண்டு தகடுகள் சந்திக்கும் விளிம்பில் கையை நிறுத்தி மெதுவாகப் பாருங்கள். விரிசல் அதிகம் பிறப்பது அந்த மூலையில், விளிம்புக் குறிப்பால் அது எளிதில் மறைவதும் அங்கேதான்.

இந்தச் சோதனையை யார் செய்யலாம் என்பதையும் உத்தரவு கட்டுப்படுத்துகிறது. எடி கரண்ட்டில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைத் தகுதி பெற்றவர் வேண்டும். சான்றின் காலாவதித் தேதியையும், எந்த முறைக்கான சான்று என்பதையும் பாருங்கள். காந்தத்தூளுக்குத் தகுதி பெற்றவர் எடி கரண்ட்டுக்கும் தகுதியானவர் ஆகிவிட மாட்டார்.

சிறு விரிசல் தெரிந்தால் ரீமர் என்ற துளைசீவி போட்டுத் துளையைப் பெரிதாக்கி, விரிசல் முழுதும் போய்விட்டதா என்று மறுபடி பார்த்து, பெரிய போல்ட் போடலாம். தயாரிப்பாளரின் ஆவணம் அனுமதிக்கும் அளவு வரைதான். துளையின் மையத்திலிருந்து பட்டையின் ஓரம்வரை மிஞ்சும் உலோகம் போதாவிட்டால் கீழ்ப்பட்டையையே மாற்ற வேண்டும். துளையைக் குளிர்முறையில் விரிவாக்கும் வேலையும் உண்டு. பிளவுபட்ட குழல் ஒன்றைச் செருகி, அதன் ஊடே தடித்த தண்டை இழுத்தால் துளைச்சுவர் நிரந்தரமாக நெரிபடும். அந்த நெரிசல் இழுவிசையை எதிர்த்து நிற்பதால் விரிசல் பிறப்பது தள்ளிப்போகும். கொடுக்கும் காசுக்கு உண்மையாகவே பலன் தரும் வேலை. ஒரு நிபந்தனை: விரிவாக்குவதற்கு முன் துளை விரிசலற்றது என்று உறுதியாக வேண்டும். விரிசலின் மேல் விரிவாக்கினால் அதை மூடி மறைத்ததாகிவிடும்.

திரஷ் இரண்டுக்கும் நடுவில். ஜார்ஜியா மாநிலம் ஆல்பனியில் தயாராகும் இந்த விமானமும் ஸ்னோவின் பழைய வடிவமைப்பிலிருந்து வந்ததே. 2006-07-15 எண்ணுள்ள அமெரிக்க உத்தரவு, முன் ஸ்பாரின் கீழ்ப்பட்டையில் கால் அங்குல, 5/16 அங்குல போல்ட் துளைகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது. காந்தத்தூள், மீயொலி, எடி கரண்ட் மூன்றில் எதுவும் ஏற்கப்படும். தேர்வு பட்டறையின் கையில் இருப்பதால், போன முறை எது, இந்த முறை எது என்று பதிவேட்டில் எழுதி வைப்பது நல்லது. முறை மாறியிருந்தால் முந்தைய ‘சுத்தம்’ என்ற குறிப்பை இப்போதையதோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

செலவைப் பொறுத்தவரை, பெரும்பகுதி கழற்றி மாட்டும் உழைப்புக்கே போகும். துளைக்குள் புரோப் சுழல்வது சில நிமிட வேலை. அதனால் ‘கழற்றாமலே பார்த்துத் தருகிறோம்’ என்று பாதி விலை சொல்பவர் வேலையின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறார் என்றே பொருள். தெளிப்புப் பருவம் முடிந்த கையோடு விமானத்தைக் கொண்டுபோங்கள். பருவத்துக்கு முந்தைய வாரத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், காது மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் உதிரிபாகம் வரும்வரை விமானம் தரையில்தான். திரும்பி வரும் அறிக்கையில் கருவியின் வரிசை எண், அளவுக்கட்டையின் அடையாளம், ஒவ்வொரு துளைக்கும் தனி வரி, உத்தரவின் எண், முறையின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். ‘இறக்கை பரிசோதிக்கப்பட்டது, குறையில்லை’ என்ற ஒற்றை வரிக்கு மதிப்பில்லை.

கடைசியாக மணிக்கணக்கு. எவ்வளவு நல்ல சோதனையாக இருந்தாலும் சரியான நேரத்தில் வந்தால்தான் விரிசலைப் பிடிக்கும். விரிசலின் வளர்ச்சி தகைவின் மூன்றாம் அல்லது நான்காம் அடுக்கில் ஓடும். சுமையை 25 சதவீதம் கூட்டினால் மூன்றாம் அடுக்கில் 1.95 மடங்கு, நான்காம் அடுக்கில் 2.44 மடங்கு. அதாவது 500 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்த இடைவெளி பாதிக்கு இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் டிராமேடரை 6,600 கிலோ வரை ஏற்றிப் பறக்க, விமானத்தில் செய்யும் மாற்றங்களுக்கான துணைச் சான்று ஒன்று வழிவிட்டது. கூடுதல் எடையில் பறந்த மணிகளை ஒரு காரணியால் பெருக்கிப் பதிய வேண்டும். டர்பைன் இயந்திரமும் பெரிய தொட்டியும் மாட்டிய சில விமானங்களில் அந்தப் பெருக்கல் செய்யப்படாமலே பறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று உல்லடுல்லா விபத்து விசாரணை குறித்தது.

பழைய டிராமேடரை வாங்கப் போகிறவர், பதிவேட்டில் மொத்த மணிக்குப் பக்கத்தில் காரணியால் பெருக்கிய மணிக்கென்று தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு பறப்பின் கிளம்பும் எடையோடு அதை ஒத்துப்பாருங்கள். எடைக் குறிப்பே இல்லையென்றால், ஒவ்வொரு மணியும் முழுச் சுமையில் பறந்தது என்றே கணக்கிட்டு, காதுகளின் மிச்ச ஆயுளுக்கு ஏற்ப விலையைப் பேசுங்கள். வெளி இறக்கைகளைக் கழற்றிக் காந்தத்தூள் போட்டுப் பார்க்கும்வரை முன்பணம் தராதீர்கள்.